தொழில் தேர்வுத் தூண்டுதல்கள்

தொழில் தேர்வு என்பது ஒருவர் தம் பிழைப்புக்கும் உழைப்புக்கும் உரிய துறையைத் தீர்மானிக்கும் நிகழ்முறை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் எடுக்கும் முடிவாக அதைப் பேசுவது வழக்கம் என்றாலும், சிறுவயது முதலே அது சிறுகச் சிறுக நடந்துவருகிறது. ஆர்வம், திறமை, குடும்பம், வருமானம், சமூக மதிப்பு, முன்மாதிரி, தற்செயல் ஆகியவை அதைத் தூண்டும் காரணிகள். மேடைப் பேச்சுகளில் ஆர்வத்துக்கே முதல் மரியாதை. ஆனால் அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன ஆய்வாளர்களில் பலர், பிள்ளை வளர்ந்த தெருவிலும் வீட்டிலும்தான் போய் நின்றார்கள்.

பிறப்புவழித் தொழில்

உலகின் பெரும்பகுதியில் தகப்பன் செய்ததையே மகன் செய்தான். மகளிடம் யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் சாதி இந்த வழக்கத்தை மீற முடியாத கட்டாயமாக்கியது. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(எ) பிரிவு 1950இல் வழங்கியது. மூன்றே ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. முதல்வர் இராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்து எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதல்வரான பிறகு அது கைவிடப்பட்டது. கைத்தொழிலுக்கு மதிப்புத் தரும் திட்டம் என்று அதன் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். குயவர் மகன் எந்தக் கைத்தொழிலைப் பழகுவான் என்பது முன்பே முடிவாகியிருந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை.

ஆய்வின் தொடக்கம்

தொழில் வழிகாட்டலை முறையான பணியாக்கியவர் அமெரிக்கரான ஃபிராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் இதற்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கி, அதே ஆண்டிலேயே காலமானார். அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அவருடைய வழி. எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட ஆர்வ வினாத்தாளும், மனிதரையும் பணிச்சூழலையும் ஆறு வகையாகப் பிரித்து ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடும் இதே வழியில் வந்தவை. பள்ளிகளில் இன்று நடத்தப்படும் ஆர்வத் தேர்வுகள் பலவற்றுக்கு அடிப்படை ஹாலண்டின் வகைப்பாடுதான். இவற்றின் குறை, ஆர்வத்தை ஏற்கெனவே உள்ள ஒன்றாக எடுத்துக்கொள்வது. டொனால்ட் சூப்பர் 1950களில் அதை மாற்றி, தன்னைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள எண்ணம் வயதோடு வளர்வதால் தொழில் தேர்வும் வளர்ந்துகொண்டே போகிறது என்றார்.

கண்ணில் படுவதும் படாததும்

லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்காமல், எதையெல்லாம் எப்போது கழித்துவிடுகிறார்கள் என்று பார்த்தார். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ‘இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை’ என்ற கோடு விழுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் ‘இது நம்மைப் போன்றவர்களுக்குக் கிட்டாது’, ‘இது நமக்குக் கௌரவக் குறைவு’ என்ற இன்னொரு கோடு. தன் ஆர்வத்தை எண்ணிப் பார்க்கும் வயது அதற்குப் பிறகே வருகிறது. அதற்குள் பாதி உலகம் கழிந்துபோயிருக்கும்.

இதற்கு வலுவான புள்ளிவிவரத்தைத் தந்தவர்கள் பொருளியலாளர்கள். ராஜ் செட்டி உள்ளிட்டோர் அமெரிக்காவின் சுமார் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. வருமானத்தில் முதல் ஒரு விழுக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, நடுமட்டத்துக்குக் கீழே பிறந்தவருடையதைப் போல் பத்து மடங்கு. கணக்கில் கெட்டிக்காரரான ஏழைப் பிள்ளைகளும் பின்தங்கியே இருந்தார்கள். கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊருக்குரிய துறையிலேயே காப்புரிமை பெற்றார்கள், வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும். ஊரில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்தால் பெண்பிள்ளைகள் அத்துறைக்கு வந்தார்கள். ஆண் கண்டுபிடிப்பாளர்கள் மட்டும் இருந்த இடத்தில் அந்த விளைவு இல்லை.

மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடந்த ஆய்வும் இதையே சொல்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி இரு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், வளரிளம் ஆண் பெண் பிள்ளைகளின் எதிர்கால விருப்பங்களுக்கு இடையிலான இடைவெளி 32 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிதாக வேலைகள் முளைத்துவிடவில்லை. தலைவராக ஒரு பெண்ணைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

திரையில் பார்ப்பதற்கும் சிறிது பலன் உண்டு. 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் மே ஜெமிசன், ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் நிசெல் நிக்கோல்ஸ் ஏற்ற பாத்திரம் தமக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நிகழ்ச்சி வாழ்க்கையைத் திருப்புதல்

தொழில் தேர்வைப் பற்றி மக்கள் விரும்பிக் கேட்பது இவ்வகைக் கதைகளையே. அவற்றுள் புகழ்பெற்றது ஐடா ஸ்கடருடையது. அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த அவர், தாயின் உடல்நலக் குறைவால் 1890களில் திண்டிவனம் வந்திருந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியைக் காப்பாற்றும்படி அவரை அழைத்தனர். ‘நான் மருத்துவர் அல்ல, என் தந்தை வருவார்’ என்றார் ஐடா. ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அமெரிக்கா திரும்பிய ஐடா 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது.

இந்தக் கதை மெய்யானது. ஆனால் அந்த இரவோடு மட்டும் அதை நிறுத்திவிடக் கூடாது. ஐடாவின் தந்தை மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் பெண்கள் அப்போது படிக்க முடிந்தது. அதே துயரத்தைக் கண்ட திண்டிவனத்துப் பெண் ஒருத்திக்கு, அதைப் பட்டமாக மாற்றும் வழி ஏறக்குறைய இல்லை.

அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோ. வெங்கடசாமியின் வாழ்க்கை வேறுவிதம். எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த அவர், சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பினார். சென்னை ஸ்டான்லியில் படித்து முடித்து இராணுவ மருத்துவப் பணிக்குப் போன இடத்தில் முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. மகப்பேற்று மருத்துவம் கைவிட்டுப் போனது. கண் மருத்துவம் படித்து, கோணிய விரல்களில் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஓய்வுபெற்ற பின் 1976இல், 58ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தூண்டுதல் ஒரு துறைக்குரியதாக இருந்தது. கிடைத்தது வேறு துறை.

தற்செயல்

இத்தகைய திருப்பங்களை விபத்தாக ஒதுக்காமல், தொழில் வாழ்க்கையின் இயல்பாகவே கொள்ள வேண்டும் என்றவர் உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸ். அவர் உளவியலுக்கு வந்த கதையும் அப்படித்தான். கல்லூரியில் முதன்மைப் பாடத்தை முடிவுசெய்ய வேண்டிய வேளையில் அவர் யோசனை கேட்டது டென்னிஸ் பயிற்சியாளரிடம். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியரும்கூட.

தமிழகத்தில் இன்று

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பேச்சு ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்பதில்தான் தொடங்கும். பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200க்கு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. அந்தத் தரவரிசைப்படி கலந்தாய்வில் மிஞ்சியுள்ள இடங்களிலிருந்து மாணவர் தேர்ந்தெடுக்கிறார். கல்லூரியின் பெயருக்காகப் பிடிக்காத பிரிவை எடுப்பதும், பிரிவுக்காகச் சுமாரான கல்லூரிக்குப் போவதும் இங்கே சாதாரணம். கட்டடப் பொறியியல் படித்தவர் மென்பொருள் நிறுவனத்தில் சேர்வதை எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டலை வழங்குகிறது. அதன் ஒரு பகுதியாகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அருகிலுள்ள கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளை, விண்ணப்பம் போடும் முன்பே ஆய்வகத்தையும் நூலகத்தையும் நேரில் பார்க்க முடிகிறது.