கொழுந்துக் கணக்கும் தமிழ் எழுத்தும்

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்று சங்கத்தில் கேட்டதும், 2008-ல் ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதிய ஒரு புரோகிராம்தான் ஞாபகம் வந்தது. கோத்தகிரியில் அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்ற கணக்கை விஷுவல் பேசிக்கில், தமிழிலேயே செய்து கொடுத்தேன். தமிழ் எழுத்துரு ஓசியில் கிடைத்தது. யார் செய்தது என்று அப்போது யோசிக்கவே இல்லை.

செய்தவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதில் இறங்கியவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டமும் பிறந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கால எழுத்துருவில் இருந்தது 256 இடம். பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விடும். மிச்சத்தில் தமிழை ஆளுக்கொரு விதமாக அடுக்கினார்கள். ஆர்வலர்கள் கூடிப் பேசி ‘திஸ்கி’ என்ற பொதுக் குறிமுறையை வகுத்தார்கள். 1999 சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இன்னும் இரண்டு வந்தன! யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தும் அது பரவ வருஷக்கணக்காயிற்று. என் பழைய விஷுவல் பேசிக்குக்கும் அது ஒத்துவராததால் திஸ்கியில்தான் செய்தேன்.

2014-ல் அப்பா தவறிவிட்டார். முன்பணக் கணக்கைப் பார்க்க அம்மா கேட்டாள். புதுக் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் கிலோவும் ரூபாயும் அப்படியே இருக்கின்றன. பெயர்கள் மட்டும் ஏதோ ஐரோப்பியக் கிறுக்கல். யாருடைய கணக்கு எது என்றே தெரியவில்லை.

காப்பாற்றியது சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி. அதுவும் ஒரு தனி மனிதரின் உழைப்பு. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. சும்மா எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ‘கொழுந்து’ குழம்பிப்போகும். வரிசையையும் திருப்பவேண்டும். மாற்றி அதைச் செய்தது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒரே ஒரு இடத்தில் கால் இல்லை. அது மாற்றியின் தப்பில்லை, 2008-ல் நான் தட்டியபோதே விட்டது. மெஸ் மூடிடுவான்டா என்று அவசரப்படுத்திய என் ரூம்மேட் இதைப் படித்தால் சிரிப்பான்.