சக்கரத்துக்குக் கால்சட்டை

தென் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் வீட்டு வாசல்களில் நிற்கும் மின்சாரக் கார்களில் பலவற்றுக்குச் சக்கரத்தின் ஆரக்கால்கள் கண்ணில் படுவதில்லை. தட்டு கவிழ்த்தாற்போல ஒரு பிளாஸ்டிக் மூடி அவற்றை மறைத்திருக்கும். வாங்கியவர்களில் சிலர் அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். சிலர் அதைக் கம்பெனிக்காரன் செய்த விளம்பர வேலை என்று நினைக்கிறார்கள். இரண்டு கருத்துக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த மூடி மின்சாரக் காரோடு பிறந்தது என்ற எண்ணம். ஆனால் மூடியின் வயது நூறுக்கும் மேல். அது வளர்ந்த இடங்களில் ஒன்று, தோர்ண்டன் ஹீத் குளத்துச் சந்திப்பிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தெற்கே இருந்த குராய்டன் விமான நிலையம். அந்தப் பழங்கதையைப் பார்த்தால், மூடிக்கு எப்போது மதிப்பு உண்டு, எப்போது இல்லை என்பது விளங்கும்.

முதலில் காற்றின் கணக்கு. ஓடும் காரில் மிக விரைவாகப் போகும் இடம் முகப்பு அல்ல, சக்கரத்தின் உச்சி. தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அதற்கு ஈடாக மேல் விளிம்பு காரைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. நடுவிலுள்ள ஆரக்கால்கள் விசிறி மாதிரி காற்றை அள்ளிப் பக்கவாட்டில் வீசுகின்றன. அந்தக் கலங்கல் வண்டியின் ஓரமாக ஒழுங்காக ஓடிவரும் காற்றையும் கெடுக்கிறது. ஒரு சாதாரணக் காருக்கு ஏற்படும் காற்றுத் தடையில் ஏறக்குறைய கால் பங்கு சக்கரங்களாலும் அவற்றின் குழிகளாலும் வருவது என்பது பொறியாளர்களின் பொதுவான மதிப்பீடு. மூடி போட்டால் விசிறி தட்டாகிவிடுகிறது. உத்தி இவ்வளவுதான்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் கார்க்காரர்கள் அல்ல, விமானக்காரர்கள். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் போலக் கம்பி ஆரங்களால் ஆனவை. அவற்றின் மேல் துணியை இழுத்துக் கட்டினார்கள். செலவு சில முழம் துணி. குராய்டனின் விமானத் தளம் அந்தப் போருக்காகத்தான் தோன்றியது. 1920 மார்ச்சில் அது லண்டனின் அதிகாரபூர்வ விமான நிலையமாயிற்று. 1929-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மெல்வில் ஜோன்ஸ், காற்றோட்டத்துக்கு இசைந்த வடிவம் என்ற கருத்தை ராயல் ஏரோநாட்டிகல் சொசைட்டியில் கட்டுரையாக முன்வைத்தார். அன்றைய விமானங்களின் எஞ்சின் சக்தியில் பெரும்பகுதி கம்பிகளும் கால்களும் சக்கரங்களும் காற்றைக் கலக்குவதிலேயே வீணாகிறது என்று கணக்கோடு காட்டிய கட்டுரை அது. பிறகு துணி போதவில்லை. சக்கரத்தையும் அதைத் தாங்கும் காலையும் சேர்த்து மூடும் உலோக உறைகள் வந்தன. ஆங்கிலேய விமானிகள் அவற்றைக் கால்சட்டை என்றே அழைத்தார்கள். 1934-இல் வந்த டி ஹாவிலண்ட் டிராகன் ராப்பிட் அப்படிக் கால்சட்டை போட்ட விமானம். 1936 ஜூலையில் குராய்டனிலிருந்து கிளம்பி, ஜெனரல் பிராங்கோவைக் கேனரித் தீவுகளிலிருந்து ஏற்றிச் சென்று ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு வழி திறந்ததும் ஒரு டிராகன் ராப்பிட்தான். சக்கர உறைக்கும் அந்தப் போருக்கும் சம்பந்தமில்லை; ஆனால் அவ்வளவு தூரம் போகக்கூடிய வாடகை விமானம் அன்று குராய்டனில் கிடைத்ததற்கும் காற்றை மிச்சம் பிடிக்கும் அந்த வடிவத்துக்கும் சம்பந்தம் உண்டு.

இந்தக் கதையின் இன்னொரு நுனி சென்னையில் இருக்கிறது. 1929 மார்ச் 30 முதல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் இந்தியத் தபால் குராய்டனிலிருந்து புறப்பட்டு, இடையில் ரயிலும் கடல் விமானமும் மாறிக் கராச்சி போய்ச் சேர்ந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா அந்தத் தபாலைக் கராச்சியில் வாங்கிக்கொண்டு புஸ் மாத் என்ற சிறு விமானத்தில் பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். அந்த புஸ் மாத் ரகத்தில் ஒரு விசேஷம். சக்கரங்களைத் தாங்கும் கால்களின் மேல் காற்றைக் கிழிக்கும் மெல்லிய உறை இருந்தது. தரையிறங்கும்போது விமானி அதைத் தொண்ணூறு பாகை திருப்பிவிடலாம். அதுவரை காற்றை வழுக்கவிட்ட உறை, குறுக்கே நின்று பிரேக்காகிவிடும். சக்கரத்தை ஒட்டிய ஒரு சின்ன மூடியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. சின்னதுதான்; ஆனால் திருப்பி வைத்தால் ஒரு விமானத்தையே தயங்கவைக்கிறது.

குராய்டனிலேயே இதற்கு எதிர்ச்சாட்சியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1931 முதல் அங்கிருந்து பறந்த ஹேண்ட்லி பேஜ் எச்.பி. 42, இம்பீரியல் ஏர்வேஸின் பெருமை. அதன் பெரிய சக்கரங்கள் வெறுமையாகவே தொங்கின. மணிக்கு நூறு மைல் அளவில் சாவகாசமாகப் பறந்து, பயணிகளுக்குச் சூடான சாப்பாடு பரிமாறிய விமானத்துக்குக் கால்சட்டை அவசியப்படவில்லை. உறைக்குத் தொல்லையும் இருந்தது. குராய்டன் கடைசிவரை புல்தரைத் தளம். இப்படிப்பட்ட ஈரத் தரைகளில் சேறு உறைக்குள் அப்பிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்று நடைபாதை விளிம்பில் உரசி மூடி உடைகிறது என்று அலுத்துக்கொள்பவர்களின் தொல்லை அன்றே தொடங்கிவிட்டது. கடைசியில் சக்கரத்தையே வயிற்றுக்குள் மடித்துக்கொள்ளும் விமானங்கள் பெருகின. பெரிய விமானங்களுக்கு உறை தேவையற்றுப் போயிற்று. காருக்கு அந்தத் தப்பிப்பு வழி கிடையாது.

தோர்ண்டன் ஹீத்துக்கு மின்சார வண்டி புதிதா என்றால், அதுவும் இல்லை. 1901 செப்டம்பரில் நார்பரியிலிருந்து பர்லி வரை லண்டன் ரோடு வழியாக மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925 ஏப்ரலில் ஊர் ரயில் நிலையம் வழியாக மேல்கம்பியில் 6,700 வோல்ட் வாங்கி ஓடும் மின்ரயில் வந்தது. ஐந்து வருடத்துக்குள் அது மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்துக்கு மாறியது. டிராம் 1951 ஏப்ரலில் நின்றது. குளத்தருகே அதன் பணிமனை இருந்த இடம் பஸ் டிப்போவாயிற்று. அதற்குப் பின்னும் விடியற்காலையில் பேட்டரி பால்வண்டிகள் லண்டன் தெருக்களில் முனகிக்கொண்டு போயின. இத்தனை மின்வண்டிகளில் ஒன்றுக்கும் சக்கர மூடி இல்லை. அதற்குக் காரணம் அறியாமை என்று சொல்ல முடியாது. டிராமுக்கும் ரயிலுக்கும் மின்சாரம் வழியெல்லாம் கம்பியிலோ தண்டவாளத்திலோ வந்துகொண்டே இருந்தது. தீர்ந்துவிடும் என்ற பயம் இல்லை. பால்வண்டி பேட்டரியைச் சுமந்தது, ஆனால் ஆள் ஓடும் வேகத்தைச் சற்றே தாண்டிப் போனது. ஆக, மூடிக்கு இரண்டு நிபந்தனை ஒருசேரக் கூடவேண்டும்: சக்தியைக் கையோடு கட்டிக்கொண்டு போகவேண்டும், வேகமும் இருக்கவேண்டும். விமானத்துக்கு இரண்டும் இருந்தன. பெட்ரோல் காருக்கு வேகம் இருந்தது, சிக்கனத்துக்கான நெருக்கடி இல்லை. ஐம்பது லிட்டர் டாங்கில் சுமார் 450 கிலோவாட்-மணி சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பங்கைச் சூடாகக் கொட்டினாலும் அடுத்த பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளலாம்.

மின்சாரக் காரின் நிலை வேறு. 1899 ஏப்ரலில் பாரிஸ் அருகே மணிக்கு நூறு கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய கார், காமீ ஜெனாட்சியின் மின்சார வண்டி. உடல் குண்டு வடிவம். ஆனால் ஓட்டுநர் நெஞ்சு வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார், நான்கு சக்கரமும் அடியில் அம்மணமாக நின்றன. பாதி புரிந்த பாடம். 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸின் இ.வி.1 அதை முழுதாகப் புரிந்துகொண்டது: ஐந்நூறு கிலோவுக்கு மேல் ஈய பேட்டரி, அதில் கிடைத்தது 16 கிலோவாட்-மணி சொச்சம். ஆகவே பின்சக்கரங்களை உடலுக்குள் மூடி, காற்றுத் தடைக் குணகத்தை 0.19 வரை இறக்கினார்கள். இன்று டெஸ்லா மாடல் 3-இன் மூடியைக் கழற்றியும் மாட்டியும் ஓட்டிப் பார்த்த அமெரிக்க இதழ் கார் அண்ட் டிரைவர், சராசரியாக 3.4 சதவீத மிச்சம் கண்டது.

இந்த எண் நம்பத்தக்கதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,800 கிலோ காருக்கு மணிக்கு 70 மைலில் காற்றுத் தடை சுமார் 300 நியூட்டன், டயர் உருளும் தடை சுமார் 160. மூடி காற்றுத் தடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தால் 15 நியூட்டன் மிச்சம், அதாவது மொத்தத்தில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 400 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது பதின்மூன்று கிலோமீட்டர். வேகம் 20 மைலானால் காற்றுத் தடை பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. மிச்சமும் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. வடக்குக் குராய்டனின் குடியிருப்புத் தெருக்களில் 20 மைல்தானே வரம்பு, அங்கே மூடி எதற்கு என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். ஹீட்டரைப் போட்டாலே அந்த மிச்சம் காணாமல் போகும். பிரேக் சூடாகிவிடும் என்ற மறுப்புக்கு அவ்வளவு வலு இல்லை: மின்சாரக் கார் பெரும்பாலும் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, மிச்சச் சூட்டுக்கு மூடியில் கீற்றுகள் விடுகிறார்கள். பேட்டரியைப் பெரிதாக்கினால் போதாதா என்பார்கள். அதே 3 சதவீதத்துக்கு 60 கிலோவாட்-மணி பேட்டரியில் ஏறக்குறைய இரண்டு கூட்டவேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, அதற்கான உலோகம், அதற்கான பணம். நாலு பிளாஸ்டிக் தட்டோடு ஒப்பிட்டால் இது அசட்டுச் செலவு. அழகைப் பற்றி எனக்கு வாதமில்லை. அந்தத் தட்டுகள் பார்க்கச் சுமார்தான்.

கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே கார் எடுப்பவர் மூடியைக் கழற்றிக்கொள்ளட்டும், நட்டமில்லை. பிரைட்டனுக்கோ அதற்கு அப்பாலோ போகிறவர் மாட்டிக்கொள்வது நல்லது. தோர்ண்டன் ஹீத் குளத்திலிருந்து ஏ23 சாலை பர்லி வே வழியாக, 1928-இல் திறந்த பழைய குராய்டன் விமான நிலையக் கட்டடத்தைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிறது. ஹூலியைத் தாண்டியதும் அதிலிருந்து எம்23 தொடங்குகிறது, வரம்பும் 70 மைலாகிறது.