தூண்டில் முள்ளில் சுற்றிய உரோமம்

தெசலோனிக்காவில் கலகம் மூண்டபோது புனித பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடு இரவாகப் பெரோயா நகருக்கு அனுப்பிவைத்த செய்தியைத் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வாசித்திருக்கிறோம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே அஸ்திரேயுஸ் என்னும் ஆறு ஓடியதாக, கி.பி. 200ஆம் ஆண்டையொட்டிக் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்ற உரோமை அறிஞர் குறிக்கின்றார். புள்ளித் தோலுடைய மீன்கள் அதில் வாழ்ந்தன. நீரின்மேல் பறந்து திரியும் ஒருவகைப் பூச்சியை அவை விரும்பி உண்டன. ஆனால் மனிதக் கை பட்டவுடன் அப்பூச்சியின் நிறம் கெட்டுச் சிறகுகள் வாடிவிடுமாதலால், அதை இரையாகக் கோக்க இயலவில்லை. எனவே மக்கதோனிய மீனவர் தூண்டில் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதனோடு பிணைத்தனர். செயற்கை ஈயைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தெளிவான விவரிப்புகளுள் இதுவே மிகப் பழையது. அவ்வழியே சென்ற திருத்தூதர் இதனைக் கண்டிருப்பாரோ எனக் கேட்பது வீண் கற்பனைதான். ஆயினும் அப்பகுதியை வாசிக்கும் போதெல்லாம் அந்த ஆறு என் நினைவில் வருகிறது.

மெழுகு தடவிய நூலில் ஒரு சிட்டிகை உரோமத்தை விரல்களால் உருட்டி ஒட்டி, அந்நூலை முள்ளின் தண்டில் சுற்றுவதே இத்தொழிலின் அடிப்படை. விலங்கின் உடலில் நீண்ட மேல்மயிர் ஒன்று. தோலையொட்டி வளரும் மென்மையான அடிமயிர் மற்றொன்று. நீர்நாய் போன்ற நீர்வாழ் விலங்குகளின் அடிமயிர் மிக அடர்ந்தது. நீரை உள்ளே விடாமல் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது. படைத்தவர் அவற்றின் குளிர் தாங்கக் கொடுத்த ஆடை, ஈயை நீரில் மிதக்கவைக்க மனிதனுக்கு உதவிற்று. முயற்காதின் குறுமயிரோ விறைப்பானது. பூச்சியின் கால்களைப் போல் எல்லாப் பக்கமும் துருத்தி நிற்கும்.

1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வின்கின் டி வோர்ட் என்னும் அச்சகத்தார், பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த புனித ஆல்பன்ஸ் நூலின் இரண்டாம் பதிப்பில், தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிய ஓர் ஆய்வுரையைச் சேர்த்தார். மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை பயன்படும் பன்னிரு செயற்கை ஈக்களின் செய்முறை அதில் உண்டு. அவற்றின் உடல் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியே: சாம்பல், கறுப்பு, மஞ்சள், சிவப்பு. சிறகுகளுக்குக் கவுதாரி, காட்டு வாத்து ஆகியவற்றின் இறகுகள். தூண்டிற்கயிறோ குதிரைவால் மயிரைச் சாயமேற்றி முறுக்கியது. மீன்பிடிப்பை உடல் நலத்திற்காகவும், சிறப்பாக ஆன்ம நலத்திற்காகவும் மேற்கொள்ள வேண்டும், பேராசையால் மிகுதியாகப் பிடிக்கலாகாது, துணையின்றிச் செல்பவர் தம் வழக்கமான செபங்களைப் பக்தியோடு சொல்லலாம் என அந்நூல் அறிவுறுத்துகிறது.

இதை எழுதியவர் சோப்வெல் கன்னியர் மடத்தின் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் என்பது நெடுநாள் மரபு. பல ஆண்டுகளுக்கு முன் துறவற அருட்சகோதரிகளுக்கு அளித்த தியானத்தில் நானும் இதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தேன். பின்னர் வாசித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. 1486ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெயர் வேட்டையைப் பற்றிய பகுதியின் இறுதியில்தான் வருகிறது. மீன்பிடி உரையில் ஆசிரியர் பெயரே இல்லை. மடத்தலைவியராக அறியப்பட்டோரின் வரிசையிலும் அவர் காணப்படவில்லை. நமக்கு இனிக்கும் செய்தி என்பதற்காக ஒன்றை மெய்யென்று கூறிவிடும் சோதனை, மறையுரை ஆற்றுவோரை எளிதில் விடுவதில்லை. மறு ஆண்டு அதே இல்லத்தில் என் கூற்றைத் திருத்திக்கொண்டேன். மூத்த சகோதரி ஒருவர், "அப்படியானால் செபத்தைப் பற்றிச் சொன்னதும் பொய்யா, சாமி?" எனக் கேட்டார். அது நூலில் உள்ளது, அம்மா, என்றேன்.

ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூலுக்குச் சார்லஸ் காட்டன் 1676இல் எழுதிச் சேர்த்த இரண்டாம் பகுதியில் கம்பளியின் இடத்தை உரோமங்கள் பல பங்கிட்டுக்கொண்டன. கரடி மயிர், பன்றியின் மென்மயிர், நரிக்குட்டியின் தோலையொட்டிய சாம்பல் நிற அடிமயிர் என அவர் பட்டியல் நீள்கிறது. அவர் கூறும் நுட்பமொன்று என்னை மிகவும் கவர்ந்தது. உரோமத்தின் நிறத்தைக் கையில் வைத்துத் தீர்மானிக்கலாகாது. கண்ணுக்கும் கதிரவனுக்கும் இடையே உயர்த்திப் பிடித்தே காண வேண்டும். கறுப்பென்று தோன்றியது அங்கே செந்நிறமாய் ஒளிரும். மீன் கீழிருந்து மேல்நோக்கியே ஈயைக் காண்கிறது அன்றோ!

இவ்வொளி ஊடுருவும் தன்மையே சீல் எனப்படும் கடல்நாய்க்குக் கேடாயிற்று. அதன் உரோமத்தைவிட நன்றாக ஒளிர்வது வேறில்லை எனத் தூண்டிற்காரர் நீண்ட காலம் கருதினர். குட்டிகளின் தோலுக்காக நடந்த பெருங்கொலையே உலகின் மனச்சான்றை உலுக்கிற்று. ஈக் கட்டுவோர் அதிலிருந்து எடுத்தது சிறு பங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972இல் அமெரிக்கா கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1983இல் ஐரோப்பியச் சமூகம் குட்டித் தோல்களின் இறக்குமதியைத் தடுத்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள்களின் வணிகத்தையே தடைசெய்து, வாழ்வுக்காக வேட்டையாடும் இனூயிட் மக்களுக்கு விலக்கு அளித்தது.

இப்போது பலர் அங்கோரா ஆட்டின் மயிரைச் சாயமேற்றிப் பயன்படுத்துகின்றனர். ஆட்டைக் கொல்ல வேண்டுவதில்லை. கத்தரித்தால் மீண்டும் வளரும். பழைய ஒளி இதில் இல்லை என்று முதிய தூண்டிற்காரர் சிலர் குறைப்படுவதுண்டு. மீன்கள் அவ்வாறு முறையிட்டதாகத் தெரியவில்லை.