வெடிப்பை அடக்கிய இரும்பு



திருத்தங்கலிலும் அதன் அண்டையிலுள்ள சிவகாசியிலும் வளரும் சிறுவர்களுக்கு ஓர் உண்மையைப் பாடநூல் கற்பிக்க வேண்டுவதில்லை. வெடிமருந்து திறந்த வெளியில் சீறி எரிந்து அடங்கிவிடும். கூட்டில் அடைபட்டால் அதுவே பேரொலியுடன் வெடிக்கும். 'அணுகுண்டு' என வழங்கும் வெடியில் காகிதக் கூட்டின்மேல் சணல் நூலை இறுக வரிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கட்டு எத்தனை இறுக்கமோ, அத்தனை உரத்தது ஓசை.

பட்டாசின் கூடு கிழிவதற்கென்றே அமைந்தது. ஆனால், கிழியாத கூடு ஒன்றும் மனிதனுக்கு வேண்டியிருந்தது. முதலில் பீரங்கிக்காக அதைத் தேடினான். பின்னர் மோட்டார் வண்டியின் எஞ்சினுக்காகத் தேடினான். இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு அத்தியாயங்களே.

முதல் அத்தியாயத்தின் சிறந்த சான்று நம் தஞ்சையிலேயே உள்ளது. இரகுநாத நாயக்கர் ஆட்சியில், ஏறத்தாழ 1620ஆம் ஆண்டில் உருவான பெரும் பீரங்கியைக் கீழவாசல் பீரங்கி மேட்டில் இன்றும் காணலாம். அதன் நீளம் ஏறக்குறைய 25 அடி. அது வார்க்கப்பட்டதன்று, அடித்து இணைக்கப்பட்டது. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைப் பூட்டினர் நம் கொல்லர். காய்ச்சிப் பூட்டிய வளையம் ஆறும்போது சுருங்கி, உள்ளிருக்கும் குழலை இறுகப் பற்றும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டும் கொல்லன் அறிந்த நுட்பமே இது. சணல் வரிந்த வெடியின் தத்துவமும் இதுவே.

வார்ப்பிரும்பின் கதை வேறு. அதை உருக்கி விரும்பிய வடிவில் ஊற்றலாம், செலவும் குறைவு. ஆனால் அதனுள் 3 முதல் 4 விழுக்காடு வரை கரி உண்டு. அக்கரியின் பெரும்பகுதி மெல்லிய செதில்களாகப் படிந்து, உள்ளே நுண்ணிய பிளவுகளைப் போல் நிற்கிறது. ஆகவே வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும். வெடிப்போ குழலின் சுவரை எத்திசையிலும் இழுக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இதற்கு மூன்று வழிகள் கண்டனர். அமெரிக்கரான பாரட், வார்ப்பிரும்புப் பீரங்கியின் பின்பகுதியில் தேனிரும்புப் பட்டை ஒன்றைப் பூட்டினார். அவர் நாட்டவரான ராட்மன், பீரங்கியை உட்புறமிருந்து நீரால் குளிரச் செய்து வார்த்தார். இறுதியில் ஆறிய வெளிப்புறம் சுருங்கி, உட்புறத்தை அமுக்கி நின்றது. பிரிட்டானியரான பாலிசர், பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகளுக்குள் தேனிரும்புக் குழல் ஒன்றைச் செருகினார்.

இவற்றுள் பாரட்டின் வழி ஒரு கடுமையான பாடம் புகட்டிற்று. 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சார்ல்ஸ்டன் நகர முற்றுகையில், 'சதுப்பு நிலத் தேவதை' எனப் பெயர் பெற்ற பாரட் பீரங்கி ஒன்று 36ஆவது முறை சுட்டபோது, அதன் பின்பகுதி பட்டையை விட்டுப் பிய்ந்து பின்னோக்கிப் பறந்தது. பட்டை, சுற்றுவாக்கில் வந்த இழுவையைத் தாங்கிற்று. நீளவாக்கில் வந்த இழுவையை அதனால் தடுக்க இயலவில்லை. மறு ஆண்டு பிஷர் கோட்டைப் போரில் இவ்வகைப் பீரங்கிகள் பல வெடித்து, தம்மை இயக்கிய மாலுமிகளையே மாய்த்தன.

இனி எஞ்சினைப் பாருங்கள். உருளைகளைத் தாங்கும் 'எஞ்சின் பிளாக்' என்னும் வார்ப்பிரும்புக் கட்டையும் ஒருவகைப் பீரங்கியே. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுடும் பீரங்கி. எரிவாயு மேலே உள்ள மூடியை மேல்நோக்கித் தள்ளுகிறது. பிஸ்டன் வழியாகக் கிராங்க் தண்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இடையிலுள்ள இரும்பு நீளவாக்கில் இழுபடுகிறது. உருளையின் சுவரோ சுற்றுவாக்கில் இழுபடுகிறது.

பந்தயத்துக்காக ஓர் எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவோர் இவ்விரண்டையும் கவனிக்கின்றனர். முதலில் மீயொலியால் சுவரின் பருமனை அளக்கின்றனர். மெலிந்த உருளைக்குள் 'லைனர்' என்னும் குழலைச் செருகுகின்றனர். பாலிசர் செய்ததும் இதுதான். கிராங்க் தண்டைப் பிடிக்கும் மூடிகளை எஃகினால் செய்து, இரண்டுக்கு நான்காகத் திருகாணி பூட்டுகின்றனர். குளிர்நீர் ஓடும் அறையின் அடிப்பகுதியைச் சிமெண்டு போன்ற கலவையால் நிரப்புவோரும் உண்டு. ஆனால் அங்கே நீரோட்டம் குறைவதால், முழுதும் நிரப்பிய கட்டை குறுந்தூரப் பந்தயத்துக்கே ஏற்றது.

இரும்பின் குணத்தையே மாற்றும் வழியும் பிறந்தது. 1943இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ், உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தபோது, கரி செதிலாகப் படியாமல் உருண்டைகளாகத் திரண்டது. பிளவு போல் நின்ற கரி உருண்டதும், இரும்பு எளிதில் முறியாததாயிற்று. ஆயினும் பழைய வார்ப்பிரும்பு ஒதுக்கப்படவில்லை. அந்தச் செதில்களே வெப்பத்தைக் கடத்தவும் அதிர்வை அடக்கவும் துணைசெய்கின்றன. குறையென்று எண்ணியதிலும் ஒரு பயன் இருந்தது.

மாணவர்களே! வலிமை என்பது வெறும் பருமன் அன்று. விசை எங்கிருந்து வந்து எவ்வழியே செல்கிறது என்றறிந்து, அவ்வழி முழுவதையும் காப்பதே வலிமை. ஓரிடத்தை மட்டும் உரமாக்கினால், முறிவு அடுத்த இடத்தைத் தேடிச் செல்லும். இதைப் பிறர் உயிர் கொடுத்துக் கற்றனர். வெடி விபத்தின் துயரை நன்கறிந்த இவ்வட்டாரத்து இளைஞர் அதைச் சிந்தித்துக் கற்பார்களாக.