எலிசா சோதனை

எலிசா என்பது குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளைக் கண்டறியப் பயன்படும் ஆய்வகச் சோதனை முறைகளுள் ஒன்றாகும். நோய்க்கிருமி போன்ற அயற்பொருள் உடலினுள் நுழையும்போது அதற்கு எதிராக உடல் உருவாக்கும் புரதமே பிறபொருளெதிரி ஆகும். எனவே இவ்வகைச் சோதனை கிருமியை நேரடியாகக் காண்பதில்லை. கிருமிக்கு உடல் காட்டிய எதிர்வினையையே காண்கிறது.

வரலாறு

1971 ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோர் இம்முறையை வெளியிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் நெதர்லாந்திலும் இத்தகைய முறை தனியாக உருவாக்கப்பட்டது. முந்தைய முறையில் தேவைப்பட்ட கதிரியக்கப் பொருளுக்கு மாற்றாக இதில் நொதி பயன்படுத்தப்பட்டதால், கூடுதலான ஆய்வகங்களில் சோதனை செய்ய முடிந்தது.

செயல்முறை

1. நெகிழித் தட்டிலுள்ள சிறு குழிகளில் கிருமியின் புரதம் பூசப்படுகிறது. ஒரு தட்டில் பொதுவாக 96 குழிகள் இருக்கும்.
2. குருதித் தெளியம் இடப்படுகிறது. உரிய பிறபொருளெதிரி இருந்தால் அது புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவை கழுவி நீக்கப்படும்.
3. மனிதப் பிறபொருளெதிரியுடன் இணையக்கூடிய, நொதி பொருத்தப்பட்ட மற்றொரு பிறபொருளெதிரி சேர்க்கப்பட்டு மீண்டும் கழுவப்படுகிறது.
4. நொதியால் நிறம் மாறும் வேதிப்பொருள் இடப்படுகிறது. நிறத்தின் செறிவைக் கருவி அளவிடுகிறது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் இச்சோதனையின் மூலமே அறியப்பட்டது. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசா முறையில் சோதிக்கப்பட்டன. தொற்றைக் காட்டிய மாதிரிகள், அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு முறையில் மீண்டும் சோதிக்கப்பட்டு உறுதிசெய்யப்பட்டன. நோய் அறிகுறி தோன்றாதவர்களிடமும் தொற்றை அறிய முடிந்ததே இதன் சிறப்பாகும்.

வரம்புகள்

தொற்றிய உடனே பிறபொருளெதிரி உருவாவதில்லை. இந்தச் சாளரக் காலத்தில் தொற்று இருந்தும் முடிவு 'இல்லை' என வரலாம். தொற்றுள்ள தாயின் பிறபொருளெதிரி குழந்தைக்குக் கடத்தப்படுவதால், தொற்றில்லாத குழந்தைக்கும் 'உண்டு' என வரலாம்.

அரிதான நோய்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. எடுத்துக்காட்டாக, 10,000 பேரில் 10 பேருக்கே தொற்று உள்ளது எனக் கொள்வோம். தொற்றில்லாதோரில் 99% பேருக்குச் சரியான முடிவு தரும் சோதனையும், ஏறத்தாழ 100 பேருக்குத் தவறாகத் தொற்று இருப்பதாகக் காட்டும். ஆகவே ஒரே சோதனையைக் கொண்டு ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக முடிவு செய்யப்படுவதில்லை.

புதிய முறைகள்

நிறத்திற்குப் பதிலாக வேதியொளியை அளக்கும் தானியங்கிக் கருவிகளும், சில நிமிடங்களில் முடிவு தரும் சோதனைப் பட்டைகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன. நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனைகள் பிறபொருளெதிரியுடன் கிருமியின் பி24 புரதத்தையும் தேடுவதால் சாளரக் காலம் குறைந்துள்ளது.