பொம்பேயி நகரில் ஒரு பகல்

வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளையும் நாட்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வருத்திய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பேயி நகரம் அழிந்த நாள் கி.பி. 79, ஆகஸ்டு 24 என்று பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். ஒருமுறை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த நாள் நமக்கு எவ்வாறு தெரிந்தது?” என்று கேட்டான். “புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஓய்வு பெற்றபின் இத்தாலி நாட்டிற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. காலையில் பாழ்நகர், பிற்பகலில் கடற்கரை என்பது எங்கள் ஒருநாள் பயணத் திட்டம். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ செல்லும் சிறு இரயிலில் ஏறிப் பொம்பேயியில் இறங்கினோம். எங்களுக்கு வழிகாட்டியவர் தொல்பொருளியல் பயின்ற ஓர் இளம்பெண்மணி.

ஏறக்குறைய 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம் அது. 1748-இல் அகழ்வு தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ளேயே உள்ளது. எரிமலைக் கல் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரங்களின் தடம் ஆழப் பதிந்திருக்கிறது. மக்கள் கால் நனையாமல் தெருவைக் கடக்கக் குறுக்கே உயர்ந்த கற்கள். அவற்றினிடையே சக்கரம் செல்ல இடைவெளி. ரொட்டிக் கடையொன்றில், நம் ஊர்ச் செக்கைப் போல விலங்கு பூட்டிச் சுற்றிய பெருந்திரிகைகள் நிற்கின்றன. சாம்பலில் புதைந்த உடல்கள் மட்கியபின் அவ்விடம் வெற்றிடமாயிற்று. 1863-இல் பியோரெல்லி என்னும் அறிஞர் அதனுள் சாந்தை ஊற்றி, இறந்தோர் உருவங்களை மீட்டார். முகத்தைக் கையால் மூடிய ஓர் உருவத்தின் முன் நாங்கள் பேச்சற்று நின்றோம்.

அங்கேதான் வழிகாட்டி நாளைப் பற்றிய செய்தியைக் கூறினார். அழிவை நேரில் கண்ட இளைய பிளினிக்கு அப்போது வயது 17. பின்னாளில் அவர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதமே நம் சான்று. ஆனால் அக்கடிதம் பெயர்த்தெழுதிய பிரதிகள் வழியாகவே நம்மை அடைந்தது. பிரதிக்குப் பிரதி நாள் வேறுபடுகிறது. ஏட்டுச்சுவடிகளை அறிந்த நமக்கு இது வியப்பன்று. இலையுதிர் காலத்துக் கனிகள் அகழ்வில் கிடைத்தமையால் முன்னரே சிலர் ஐயுற்றனர். 2018-இல், பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரியால் எழுதிய வரி ஒன்று வெளிப்பட்டது. அதிலுள்ள உரோம நாள் நம் அக்டோபர் 17-க்கு ஒத்தது. ஆகஸ்டில் அழிந்த நகரம் அக்டோபரில் எழுதுமா? ஆண்டு குறிக்கப்படாமையால், அது முந்தைய ஆண்டின் எழுத்தாகலாம் என்பாரும் உளர். வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை.

பிற்பகலில் சொரெண்டோவின் செங்குத்தான கரைமீது நின்றோம். எலுமிச்சைத் தோட்டங்கள், நீலக்கடல், அதற்கப்பால் அமைதியாக வெசூவியஸ். “அழகிய கரை” என்றேன். “அன்றைய கரை வேறு” என்றார் வழிகாட்டி. ஹெர்குலேனியத்தில் கடலோரப் படகுக் கொட்டில்களில் ஒதுங்கிய ஏறக்குறைய 300 பேரின் எலும்புகள் கிடைத்துள்ளன. எரிமலை கொட்டிய பொருள் கடலைத் தள்ளியதால் அவ்விடம் இன்று கரையிலிருந்து விலகி உள்ளே கிடக்கிறது.

திரும்பும் இரயிலில் அந்த மாணவனே என் நினைவில் இருந்தான். நான் அளித்த நாள் தவறாக இருக்கலாம். அதனைப் பிழையென்று கொள்ளேன், அன்றைய அறிவு அவ்வளவே. அவனை உட்காரச் சொன்னதே பிழை. ‘எவ்வாறு தெரிந்தது?’ என்னும் வினாவன்றோ வரலாற்றின் முதல் வினா! அவன் இவ்வுரையைக் கேட்பானாயின், காலந்தாழ்ந்த என் விடையை ஏற்றுக்கொள்வானாக. நீங்களோ, உங்கள் ஆசிரியரிடம் அவ்வினாவைக் கேளுங்கள். விடை வரும்வரை நின்றுகொண்டே கேளுங்கள்.