மன்னு படிந்த மரங்கள்

மன்னு, ஸல்வா என்னும் இரு சொற்களைச் செவியுறாத முஸ்லிம் பிள்ளை தமிழகத்தில் இருத்தல் அரிது. மூஸா நபி (அலை) அவர்களின் சமூகத்தார் பாலைவெளியில் அலைந்து திரிந்த காலத்தில் அவர்களுக்கு அருளப்பெற்ற உணவுகள் அவை. திருக்குர்ஆனில் அல்பகறா, அல்அஃறாப், தாஹா ஆகிய மூன்று அத்தியாயங்களில் அவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஸல்வா என்பது காடை போன்றதொரு பறவை என்பதில் அதிகத் தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பது மன்னு.

நம் மதுரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் தப்ஸீர் ஜலாலைனில் அல்பகறாப் பகுதிக்கு உரை வகுத்தவர் இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள். 1505இல் மறைந்த அப்பெரியார், இந்த இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்: தரஞ்சபீன். எகிப்து நாட்டில் அன்று அதனை வாங்கி உண்டவர்க்கு அச்சொல் போதுமானது. தென்காசியில் ஓதும் பிள்ளைக்கு அது போதுமா? உஸ்தாத் அதனைப் படிக்கிறார். மாணவர் கிதாபின் ஓரத்தில் "ஒருவகை இனிப்பு" என்று குறித்துக்கொள்கிறார். பாடம் அடுத்த வசனத்திற்கு நகர்ந்துவிடுகிறது. "இனிக்கும் சாரல்" என்று பொருள் செய்துகொண்ட பிள்ளைகளையும் நாம் கண்டதுண்டு. ஆனி, ஆடி மாதங்களில் குற்றால மலையிலிருந்து இறங்கும் சாரல் இலையிலும் கல்லிலும் முத்து முத்தாய்ப் படிவதைக் கண்டு வளர்ந்தவர்கள் வேறெவ்வாறு எண்ணுவர்? வியப்பு யாதெனில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உலகம் போற்றிய பேரறிஞர்களும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணியிருந்தனர் என்பதுதான்.

தேன் வானிலிருந்து இறங்குகிறது, தேனீ அதனைத் திரட்டுகிறது, அவ்வளவே என்று அரிஸ்டாட்டில் கருதினார். உரோமரான பிளினி அதனை வானத்தின் வேர்வையென்றும் விண்மீன்களின் உமிழ்நீரென்றும் ஐயத்தோடு எழுதிவைத்தார். மரத்து இலைகளின்மீது தேன் ஏராளமாகக் காணப்பட்ட ஓர் ஆண்டைப் பற்றிக் கிரேக்க மருத்துவர் காலென் (நம்மவர் நூல்களில் ஜாலீனூஸ்) குறிப்பிடுகிறார். அவருடைய நூல்கள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) போன்றோரின் உழைப்பால் அரபுமொழிக்கு வந்தன. கூடவே அந்தப் பனிக் கொள்கையும் வந்துசேர்ந்தது. இப்னு ஸீனா (980–1037) தம்முடைய அல்கானூன் என்னும் மருத்துவப் பெருநூலில், கல்லின்மீதோ மரத்தின்மீதோ விழுந்து, இனித்து, தேனாய் இறுகி, பிசினாய்க் காயும் பனியே மன்னு என்று இலக்கணம் வகுக்கிறார்.

விழுகிற பனி ஒன்றேயாயின் எல்லா மரத்திலும் ஒரே பொருளன்றோ கிடைக்கவேண்டும்? அவ்வாறில்லை என்பதை நம் மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால்தான் அவர்கள் மரந்தோறும் வேறு பெயர் வைத்தனர். பாரசீகத்தில் அங்குபீன் என்றால் தேன். தர் என்றால் ஈரமானது. தர்-அங்குபீன் அரபியரின் நாவில் தரஞ்சபீன் ஆயிற்று. இது ஒட்டகம் மேயும் ஹாஜ் என்னும் முட்செடியில் கிடைப்பது. கஸ் என்னும் சவுக்கை ஒத்த மரத்தில் கிடைப்பது கஸ்-அங்குபீன். அரபியில் அந்த மரத்தின் பெயர் தர்ஃபா. பேத் என்னும் மரத்தில் கிடைப்பது பேத்-அங்குபீன். பேத்கிஷ்த் எனவும் வழங்குவர். ஒவ்வொன்றிற்கும் குணம் வேறு, அளவு வேறு. பனி எந்த மரத்தில் விழுகிறதோ அந்த மரத்தின் இயல்பைப் பெற்றுக்கொள்கிறது என்று அதற்கொரு சமாதானமும் கூறினர். சமாதானம் பிழை. ஆனால் கண்டது பிழையன்று. மரத்திற்கும் மன்னுக்கும் உள்ள உறவைப் பெயரிலேயே கட்டிவைத்தது அவர்கள் செய்த பேருதவி என்பது நம் கருத்து.

இங்கே பேத் என்னும் மரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். யூனானி மருந்துக்கடையில் அரக் பேத்முஷ்க் வாங்கியவர்கள் அதன் ஓர் இனத்தை மூக்காலும் நாக்காலும் அறிவர். அரபியில் ஸஃப்ஸாஃப், கிலாஃப் என்பன அக்குடும்பத்திற்குரிய பெயர்கள். ஆங்கிலேயர் வில்லோ என்பர். காஷ்மீரத்துக் கிரிக்கெட் மட்டைகள் அம்மரத்தாலானவை. இஃது ஏதோ அந்நிய நாட்டு மரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் நமக்கே உரிய ஓரினம் வளர்கிறது. ஆற்றுப்பாலை என்பது அதன் தமிழ்ப்பெயர். கும்பினி ஆட்சிக்காலத்துத் தாவர நூலார் ராக்ஸ்பர்க், நான்கு விதையுடையது என்னும் பொருளில் அதற்கு ஸாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா என்று பெயரிட்டார். சங்கப் பாடல்களின் வஞ்சி இதுவே என்பாரும் உளர். தமிழ் விவிலியத்தார் வில்லோவுக்கு ஆற்றலரி என்று எழுதிவிட்டமையால், அரபுநூல் பெயர்ப்போர் சிலரும் அலரியைப் பிடித்துக்கொண்டு இடர்ப்படுகின்றனர். அலரி நஞ்சுடையது, அதன் இலையில் மருந்து தேடுவது ஆபத்தான மொழிபெயர்ப்பு.

இனி, மரத்தின்மீது இனிப்பை வைத்தது யார்?

மூட்டைப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, தத்துப்பூச்சி, அரக்குப்பூச்சி, குற்றாலச் சோலையில் காது துளைக்கும் சில்வண்டு ஆகிய அனைத்தையும் பூச்சிநூலார் ஒரே வரிசையில் வைப்பர். ஹெமிப்டெரா என்று 1758இல் லின்னேயசு அதற்குப் பெயரிட்டார். இவற்றுக்குக் கடிக்கும் வாய் இல்லை; ஊசி போன்ற உறிஞ்சுகுழல் உண்டு. செடியுண்ணும் இனங்களுள் பல, அக்குழலைப் பட்டைக்குள் செலுத்தி, மரம் தன் இலையில் சமைத்து வேருக்கு அனுப்பும் சாற்றை இடைமறித்துக் குடிக்கின்றன. அச்சாற்றில் சருக்கரை மிகுதி. உடல் வளர்க்கும் சத்தோ சொற்பம். அச்சொற்பத்தைப் பெறுவதற்காகப் பூச்சி அளவுக்குமீறிக் குடித்து, வேண்டாத சருக்கரையைத் துளித்துளியாய் வெளியேற்றுகிறது. அத்துளி இலையிலும் கிளையிலும் படிந்து, வறண்ட காற்றில் இறுகிக் காய்கிறது. ஈரக்காற்று வீசும் நாட்டில் அது காயாது. பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். மன்னு பாரசீகத்திலும் ஸீனாய் மலைப்புறத்திலும் கடைச்சரக்கு ஆனதற்கும், நம் நாட்டில் ஆகாமைக்கும் ஒரு காரணம் இதுவே.

பேத் மரத்தின் கதையில் வரும் பூச்சி அசுவினி இனத்தில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஐந்து மில்லிமீட்டர் அளவினது. முதுகில் ரோஜா முள்ளைப் போன்றதொரு கூர்ப்பு உண்டு. டுபெரோலாக்னஸ் ஸாலிக்னஸ் என்பது அதன் பெயர். ஸாலிக்னஸ் என்பது மரத்தின் பெயரிலிருந்தே வந்தது. நம் இமயச் சாரலிலும் அது உண்டு. இவ்வினத்தில் ஆண் இதுகாறும் காணப்படவில்லை. பெண்ணே பெண்ணை ஈன்று பெருகுகிறது. கிளைகளில் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொண்டிருக்கும். நசுக்கினால் விரல் சிவக்கும். ஈரானில் பேத்கிஷ்த் என்று விற்கப்படுவது இப்பூச்சி பேத் மரத்தில் விட்டுச்செல்வதே. 2013இல் இப்பூச்சி நியூசிலாந்தில் நுழைந்தது. அங்குள்ள தேனீக்கள் பூவை விட்டு இந்தத் துளிகளைத் திரட்டத் தொடங்கவே, தேன் அடையிலேயே கல்லாய் இறுகிப்போயிற்று; தேனீ வளர்ப்போர் அதனைப் பிழிந்தெடுக்க இயலாமல் தவித்தனர். பிசினாய்க் காயும் என்று இப்னு ஸீனா எழுதிய சொல்லை அவர்கள் படித்திருக்கமாட்டார்கள்!

பனிக் கொள்கை ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், அசுவினியிலிருந்தே இனிப்புத் துளி வருவதைக் கண்டு எழுதினார். அதன்பின்னும், 1789இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேய இயற்கை நூலார் கில்பர்ட் ஒயிட், பூக்களின் சாரம் ஆவியாய் மேலெழுந்து இரவுப் பனியோடு இறங்குகிறது என்றே நம்பினார். ஆகவே இப்னு ஸீனாவைப் பார்த்து நகைப்பவர், ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகள் பிந்திய ஒயிட்டுக்கும் சேர்த்து நகைக்கவேண்டும். ஸீனாய்ப் பகுதிக்குச் சென்ற ஜெர்மானியர் ஏரன்பெர்க், தர்ஃபா மரத்தில் மன்னுக்குக் காரணமான செதிற்பூச்சியொன்றை 1829இல் விவரித்தார். எனினும் பூச்சி துளைத்த இடத்தில் மரமே கசிகிறது என்று கருதினார். 1927இல் போடன்ஹைமரும் தியோடரும் அங்குச் சென்று ஆராய்ந்து, அது பூச்சியே வெளியேற்றுவது என்று நிலைநாட்டினர். எல்லா மன்னும் பூச்சியுடையதன்று என்பதையும் கூறிவிட வேண்டும். சிசிலித் தீவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிப்பது உண்மையிலேயே மரச்சாறுதான்.

இவ்வளவும் தூரதேசத்துச் செய்தி என்று எண்ணும் மாணவரைத் தை மாதத்தில் செங்கோட்டை, பண்பொழிப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றிற்கு அழைத்துச் செல்லலாம். பூக்கொத்துகளில் தத்துப்பூச்சி மண்டியிருக்கும். கிளையை அசைத்தால் பொரி பொரிந்தாற்போல் ஓசையுடன் குதிக்கும். கீழிலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். தொட்டு நாவில் வைத்தால் இனிக்கும். சில நாளில் அதே இலை கரி பூசியதாய்விடும். மழையில்லாத காலம், விடியற்காலையில் பனி. ஆகவே "பனி விழுந்து பிசுபிசுக்கிறது" என்று சொல்பவர் அங்கும் இருப்பர். அல்கானூனின் இலக்கணத்தை அவர் படித்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

இது தெரிந்தபின் இரு சாரார் எழுகின்றனர். ஒரு சாரார், இறையருளைப் பூச்சியோடு இணைத்துப் பேசுவதே அவமரியாதை என்று வாயடைக்கின்றனர். மற்றொரு சாரார், அற்புதமாவது ஒன்றாவது, அது பூச்சியின் கழிவுதான் என்று கணக்கை முடிக்கின்றனர். பின்னவர் கணக்கே தெரியாதவர். ஸீனாயில் நல்ல பருவத்தில் ஓர் ஆள் நாள் முழுதும் திரட்டினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதுவும் கோடைத் தொடக்கத்தில் சில வாரங்களே. பெரும் சமூகமொன்றை ஆண்டுக்கணக்கில் உண்பிக்க அது காணாது. முன்னவர்க்கோ நம் தப்ஸீர் நூல்களே விடை கூறும். இமாம் இப்னு கஸீர் (ரஹ், மறைவு 1373) அவர்கள் பிசின், தேன், மெல்லிய ரொட்டி எனப் பல கூற்றுகளை எடுத்துவைத்து, உழைப்பின்றி இறைவன் அருளிய உணவு, பானம் அனைத்தையும் அச்சொல் தழுவும் என்று பொருள் விரிக்கிறார். காளான் இனத்துக் கம்அவும் மன்னைச் சேர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரியில் உள்ளது. இமாம் ஸுயூத்தீ தரஞ்சபீன் என்றது, மாணவர் அறிந்த பொருள் ஒன்றைச் சுட்டிக் காட்டியதேயன்றி, அது உண்டாகும் வழியை உரைத்ததன்று. இதனைச் சொல்லிக்கொடுத்தால் போதும். பிள்ளையின் நம்பிக்கைக்கும் குறைவில்லை. அவன் அறிவுக்கும் குறைவில்லை. சொல்லிக்கொடாமல் விட்டால், பின்னாளில் கல்லூரியில் முதன்முறையாகக் கேள்விப்பட்டு, தன் உஸ்தாத் மறைத்தார் என்று எண்ணுவான்.

சுட்டியான மாணவர் மேலும் ஒன்று கேட்பார்: பூச்சி வெளியேற்றியதை உண்ணலாமா? தீர்ப்பு வழங்குவது முஃப்திகளின் பணி. நாம் அதில் புகவில்லை. ஆயினும் தேனே தேனீயின் வாய்வழி வருவதா பின்வழி வருவதா என்று ஃபிக்ஹு நூலார் வாதித்து, எவ்வழியாயினும் தூயதே என்று வைத்ததை நினைவூட்டலாம். துருக்கியில் பெயர்பெற்ற பைன் தேன் முழுதும் இவ்வாறு ஒரு செதிற்பூச்சி விட்ட துளிகளைத் தேனீ திரட்டியதே.

எஞ்சியிருப்பது சொல் ஒன்று. பாரசீகர் மரந்தோறும் பெயர் வைத்தனர். பக்தாதியர் கடைத்தெருவில் இன்றும் மன்னுஸ் ஸமா என்று கேட்டு வாங்குகின்றனர். மலையுச்சியில் தேனருவி என்று ஓர் அருவிக்கே பெயர் சூட்டிய நம் நாட்டில், இலைமீது படியும் இனிப்புக்கு ஏட்டில் எழுதத் தக்க ஒரு பெயர் நிலைபெறவில்லை. கிதாபின் ஓரத்தில் "ஒருவகை இனிப்பு" என்பதற்குப் பதிலாக இலைத்தேன் என்று எழுதிக்கொள்ளுமாறு நம் மாணவர்க்குக் கூறிவருகிறோம். மாந்தோப்பாரிடமோ மலைவாழ் மக்களிடமோ இதனினும் நல்ல சொல் வழங்குமாயின், அறிந்த அன்பர்கள் இவ்விதழுக்கு எழுதியனுப்பினால் மகிழ்வுடன் ஏற்போம்.